ஆறு குழாய்களும் ஒரு பொய்யும்

இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றது. ஆராய்ச்சி மாணவியான அவள் கையில் ஐஸ் பெட்டி. அதற்குள் ஆறு நோயாளிகளின் ரத்தம். ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வகம் போய்ச் சேராவிட்டால் அத்தனையும் வீண்.

"உள்ள ஆள் இருக்கான்னு பார்க்காம நிறுத்தினது யாருங்க?"

கதவு கொஞ்சம் திறந்தது. மேலே கிரீஸ் அப்பிய ஒரு முகம். அதில் தூங்கிப் பல நாளான இரண்டு கண்கள்... மறுபடி திட்ட வாயெடுத்தவள் அந்தக் கண்களையே பார்த்தாள்.

"தப்புதாங்க. முதல்ல பெட்டியைக் குடுங்க, அப்புறம் ஆற அமரத் திட்டுங்க."

"ஆட்டாம பிடிங்க! அது உங்க ஸ்பேனர் பை இல்ல."

மூடியில் எழுதியிருந்ததைப் படித்ததும் லிஃப்ட் மெக்கானிக்கின் முகம் மாறியது. "சிறுநீரக வார்டா? இதுல எங்கம்மா ரத்தமும் இருக்கும்ங்க. ஆராய்ச்சிக்கு எடுத்துக்கலாம்னு நான்தான் கையெழுத்துப் போட்டேன்..."

அம்மாவுக்கு மாற்றுச் சிறுநீரகம் வைத்து நான்கு நாளாகியும் ஒரு சொட்டு நீர் பிரியவில்லையாம். மறுநாள் காலை லிஃப்ட் வாசலில் அவளுக்காகவே காத்திருந்தான். அந்த ரத்தத்தில் என்ன பார்க்கிறாள் என்று கேட்டான். அவளும் சொன்னாள்.

"பத்து மணி நேரம் ரத்த ஓட்டமில்லாம ஐஸ்ல இருந்த சிறுநீரகம். ரத்தம் திரும்பப் பாயும்போதுதான் இன்னும் அடிபடும். உடம்போட படையே அதுமேல பாயும். சில செல்கள் மட்டும் குறுக்க நின்னு சண்டையை விலக்கும். அதுங்களைத்தான் நான் எண்ணுறேன்."

"கரண்ட் போனாக்கூட மோட்டார் தாங்கும்ங்க. படக்குன்னு திரும்ப வர்றப்பதான் எரியும்."

நான்கு வருடம் அவள் மாங்கு மாங்கென்று படித்ததை ஒரே மூச்சில் சொல்லிவிட்டான்! அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவன் சிரிக்கவில்லை.

"எங்கம்மாவுக்கு அந்தச் செல் நிறைய இருக்கா?"

குழாய்களில் வெறும் எண்தான் இருக்கும். எது யாருடையது என்று எண்ணுபவளுக்குத் தெரியக் கூடாது, அதுதான் விதி. ஆனால் அந்தக் கண்கள்...

"நிறைய இருக்கு," என்றாள்.

ஏழாம் நாள் அம்மாவுக்கு மூச்சு முட்டியது. மறுபடியும் டயாலிசிஸ்.

"எது யார் ரத்தம்னு உங்களுக்கே தெரியாதாமே, நர்ஸ் சொன்னாங்க. நீங்க சொன்னதை நம்பி அம்மாகிட்ட வேற சொல்லிட்டேன். ஏங்க பொய் சொன்னீங்க?"

அவன் குரலை உயர்த்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அன்றே தன் பேராசிரியரிடம் நடந்ததைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டாள். அதன்பிறகு லிஃப்ட் பக்கமே போகாமல், பெட்டியோடு ஐந்து மாடியும் படியேறினாள்.

பத்தாம் நாள் ஜன்னலுக்கு வெளியே மழை. மூன்றாம் மாடிப் படியில் அவன் உட்கார்ந்திருந்தான்.

"அம்மாவுக்கு நீர் பிரிஞ்சிடுச்சுங்க. அரை லிட்டர்!"

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "அன்னிக்கு... நீங்க உடைஞ்சு போறதைப் பார்க்க என்னால முடியலைங்க. அதான் பொய் சொன்னேன்."

"அம்மா கேட்டாங்க, பொய் சொன்னது அந்தப் பொண்ணு, நீ ஏன்டா மூணு நாளா சாப்பிடலைன்னு."

"என்ன சொன்னீங்க?"

"பிடிச்சிருக்கும்மான்னு சொன்னேன்." தரையைப் பார்த்தபடி சொன்னான்.

அவள் ஐஸ் பெட்டியை நீட்டினாள்.

"எனக்கும்தான். இது பொய்யில்ல. ஆட்டாம பிடிங்க... நேரமாகுது."