இறகுக் கோட்டு நனைந்த நாள்

கல்லில் துணி அடிக்கும் சத்தம் கேட்டுத்தான் புஷ்பமேரி கண் விழித்தாள். சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் தூங்கலாம் என்று புரண்டு படுத்தாள். சத்தம் நிற்கவில்லை. எழுந்து கிணற்றடிக்குப் போனாள்.

அம்மா ரோசம்மா சிவப்பாக ஒன்றை ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டிருந்தாள். புஷ்பமேரியின் தூக்கம் பறந்துவிட்டது.

"அம்மா, அது மாமாவோட கோட்டும்மா."

"தெரியுது. நாளைக்குப் பூசை முடிஞ்சதும் சாமியார்கிட்டக் குடுத்து மந்திரிக்கணும். ஆரோ போட்டுக் கழட்டின உடுப்பு. வேர்வை நாத்தத்தோட கோயிலுக்குள்ள கொண்டு போக முடியுமா?"

அந்த வீட்டில் யார் தூரப் பயணம் போனாலும், அவர்கள் உடுத்தும் துணியை மாதா கோயிலில் மந்திரித்துத்தான் அனுப்புவார்கள். இந்தத் தடவை பயணம் ரொம்பத் தூரம். அம்மாவின் தம்பி அருள்நாதன் ராணுவத்தில் ஜெனரேட்டர் மெக்கானிக். தென்துருவத்துக்குப் போகும் குழுவில் அவரையும் சேர்த்திருந்தார்கள். இமயமலைப் பனியில் பயிற்சி முடிந்துவிட்டது. கோவாவில் கப்பல் ஏறுவதற்கு முன் அக்காவைப் பார்க்க நல்லம்பள்ளிக்கு வந்திருந்தார். நாளை மாலை கிளம்ப வேண்டும்.

நேற்று அவர் தன் மூட்டையைப் பிரித்தபோது தெருப் பிள்ளைகள் எல்லோரும் வந்துவிட்டார்கள். கறுப்புக் கண்ணாடி, தலையணை போன்ற கையுறைகள், முழங்கால் வரை வரும் பூட்ஸ். கையுறை இரண்டையும் ஒரு கயிறு இணைத்திருந்தது. கழுத்தில் மாட்டிக்கொண்டால் காற்று அடித்துக்கொண்டு போகாது.

"இதப் போட்டுக்கிட்டு சோறு எப்புடிங்க தின்னுவீங்க?" என்று கேட்டான் சென்னப்பன். அவன் ஒரு பூட்ஸுக்குள் இரண்டு கால்களையும் விட்டு நின்றுகொண்டிருந்தான்.

"உள்ள வந்துதான் கழட்டுவோம். வெளிய கழட்டினா வெரலு கறுத்துப் போயிடும். அங்க உடுப்புதான் வூடு, தெரியுமா? அது ஈரமாச்சுன்னா ஆளு தாங்க மாட்டான்."

அந்த வீட்டைத்தான் அம்மா இப்போது கல்லில் அடித்துக்கொண்டிருந்தாள்.

புஷ்பமேரி கோட்டைத் தூக்கிப் பார்த்தாள். நேற்று பூரி போல உப்பியிருந்தது. இன்று நனைந்த சாக்குப் பை போலத் தொங்கியது. உள்ளே இருந்ததெல்லாம் கட்டி கட்டியாகத் திரண்டு அடியில் கிடந்தது.

"பஞ்செல்லாம் கீழ எறங்கிடுச்சே," என்றாள் அம்மா. குரல் இறங்கிப் போயிருந்தது.

தையல் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ எட்டிப் பார்த்தது. புஷ்பமேரி மெல்ல இழுத்தாள்.

"பஞ்சு இல்லம்மா. எறகு."

அம்மா அப்படியே கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டாள். "வேற வாங்கறதுன்னா தர்மபுரிக் கடையில கெடைக்குமா இது? அவன் பஸ்ஸு டிக்கட்டு எடுக்கப் போயிருக்கான். வந்து கேட்டா என்னா சொல்லுவேன்?" சட்டென்று எழுந்து மூலையில் இருந்த குச்சியை எடுத்தாள். "மெத்தை கட்டி தட்டினா அடிச்சுத்தான சரி பண்ணுவோம்."

"வேணாம்மா. இன்னும் அடிச்சா கிழிஞ்சு போயிடும்."

அப்போது புஷ்பமேரியின் பார்வை வேலி ஓரம் போனது. இரவு பெய்த மழையில் நனைந்த கோழி ஒன்று நின்றது. உடம்பெல்லாம் ஒட்டிப்போய், பாதிக் கோழியாகத் தெரிந்தது. அது உடம்பைப் படபடவென்று உதறியது. அலகால் ஒவ்வோர் இறகாகக் கோதிவிட்டது. வெயில் விழும் இடமாகப் பார்த்துப் போய் நின்று மறுபடி உதறியது. புஷ்பமேரி பார்த்துக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் கோழி பழையபடி உருண்டையாகிவிட்டது.

"அம்மா, கோழி தன்னையே குச்சியால அடிச்சுக்கல பாருங்க," என்றாள் புஷ்பமேரி. "உதறுது, கோதுது, காயுது. நாமளும் அதத்தான் பண்ணணும்."

அம்மா குச்சியைக் கீழே போட்டாள்.

இருவரும் சோப்பு போகும்வரை கோட்டை நல்ல தண்ணீரில் அலசினார்கள். முறுக்காமல், இரண்டு கையாலும் அமுக்கியே தண்ணீரை வடித்தார்கள். பிறகு தெருக்கோடியில் கேழ்வரகு காயவைக்கும் பாறைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பாறையில் வெயில் நன்றாக ஏறியிருந்தது.

பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி ஓடி வந்தாள். "என்னாடி இது, செத்த ஆடு மாதிரி?"

"உசுரு குடுக்கப் போறோம். நீ அந்தக் கையப் புடி."

களி மாவில் கட்டியை உடைப்பது போல, துணியின் மேலாகவே கட்டிகளை விரலால் பிரித்தார்கள். கொஞ்சம் காய்ந்ததும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து உதறினார்கள். கை வலித்தது. சென்னப்பனும் இன்னும் நாலைந்து பேரும் வந்ததும் புஷ்பமேரிக்கு வேறு யோசனை தோன்றியது.

"எல்லாரும் வட்டமா நில்லுங்க. கோட்டத் தூக்கிப் போட்டுப் புடிக்கணும். கீழ உட்டவங்க கட்டி உடைக்கணும்."

அதற்குப் பிறகு கோட்டு தரையில் நிற்கவே இல்லை. கையிரண்டையும் விரித்துக்கொண்டு ஆகாயத்தில் பறந்தது. இறங்கும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக உப்பியது.

"ஏய், அது என்னோட கோட்டா?"

பாறைக்குக் கீழே மாமா நின்றிருந்தார். அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான்தான் அருளு. தொவைச்சுட்டேன்டா," என்றாள்.

மாமா மேலே வந்து கோட்டைத் தொட்டுப் பார்த்தார். முகம் மாறியது. "போன வருஷம் போட்ட ஆளு என் ஒசரம். என் அளவுக்கு இது ஒண்ணுதான் இருந்துச்சுக்கா. இது உப்பலன்னா என்னையக் கப்பல்ல ஏத்த மாட்டாங்க."

"பாதி உப்பிடுச்சுங்க மாமா," என்றாள் புஷ்பமேரி. கோழி செய்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

மாமா அவளையும் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கோட்டைச் சூரியனுக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். கட்டி இருந்த இடம் கறுப்பாகவும், காலியான இடம் வெளிச்சமாகவும் தெரிந்தது. முதுகிலும் இடது கையிலும் இன்னும் நிறையக் கறுப்பு.

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுப் பாறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "சரி மேஸ்திரி. முதுகு எனக்கு. இடது கைய ஆரு பாக்கறீங்க?"

அம்மாவும் வந்து உட்கார்ந்தாள்.

பிற்பகலில் வத்தல்மலைப் பக்கமிருந்து மேகம் ஏறி வெயிலை மறைத்தது. எல்லோரும் கவலையோடு மேலே பார்த்தார்கள். புஷ்பமேரி மட்டும் கீழே பார்த்தாள். பாறையில் கை வைத்தாள்.

"பாறை இன்னும் சுடுதுங்க மாமா. திருப்பிப் போடலாம்."

உள்பக்கம் பாறையில் படும்படி பரப்பினார்கள். புரட்டினார்கள், உதறினார்கள், மறுபடி பரப்பினார்கள். முதல் தூறல் மூக்கில் விழுந்தபோது, மாமா கோட்டைச் சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். பிள்ளைகள் பின்னாலேயே ஓடினார்கள்.

"காஞ்சிடுச்சா?" என்றாள் அம்மா, வாசற்படியிலேயே.

"கைக்குக் காஞ்ச மாதிரிதான் இருக்கு. போட்டுப் பாத்தாத்தான் தெரியும்."

மாமா கோட்டைப் போட்டு ஜிப்பைக் கழுத்து வரை இழுத்தார். குல்லாயை மாட்டினார். பாஞ்சாலி ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினாள். புழுக்கமான அந்தச் சின்ன அறையில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்தார்கள்.

"எங்காவது சில்லுனு இருக்குதாங்க?" என்றாள் புஷ்பமேரி.

"இல்ல."

"முதுகுல?"

"இல்ல."

மாமாவின் நெற்றியில் ஒரு துளி வேர்வை அரும்பியது. அது புருவத்தில் இறங்கி மூக்கு நுனியில் வந்து நின்றது. பின்னாலேயே இன்னொன்று. கன்னம், கழுத்து, காது மடல் எல்லாம் பளபளத்தன.

"வேர்க்குது," என்றான் சென்னப்பன், ரகசியம் போல.

"வேர்க்குதா? அடுப்புமேல ஒக்கார வெச்ச மாதிரி இருக்குதுடா," என்றார் மாமா. சிரிப்பில் அவர் உடம்பு குலுங்க, கோட்டும் குலுங்கியது.

புஷ்பமேரி சுவரில் சாய்ந்து கால்களை நீட்டிக்கொண்டாள். காலையிலிருந்து இப்போதுதான் அவள் உட்கார்ந்தது போல இருந்தது.

மாமா ஜிப்பை இறக்கக் கையைக் கொண்டு போனார். ரோசம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னுங் கொஞ்ச நேரம் போட்டுக்கிட்டு இருடா," என்றாள். "நீ வேர்க்கறத நான் நல்லாப் பாத்துக்கறேன்."