குமிழைத் திருப்பியது யார்?

அந்த வீட்டு ஃப்ரிட்ஜுக்கு என்ன வந்தது என்று யாருக்கும் புரியவில்லை.

காலையில் திறந்தால் பால் திரிந்து போயிருக்கும். மாலையில் திறந்தால் தக்காளி கல்லாக உறைந்து கிடக்கும். ஒரே ஃப்ரிட்ஜ், ஒரே நாளில் இப்படியும் அப்படியும் செய்தது.

“இதுக்குக் காய்ச்சலா, ஜலதோஷமா?” என்று கேட்டான் சின்னவன். அவனுக்கு ஆறு வயது. அவன் அக்காவை வீட்டில் பெரியவள் என்று கூப்பிடுவார்கள். பெரியவள் என்றாலும் பத்து வயதுதான்.

அம்மா மருத்துவமனையில் நர்ஸ். மதியம் வேலைக்குப் போனால் இரவில்தான் வருவாள். அப்பா காலையில் எல்லோருக்கும் முன்பே அலுவலகம் கிளம்பி, மாலையில் திரும்புவார். அம்மாவும் அப்பாவும் நிதானமாகப் பேசிக்கொள்வதே ஞாயிற்றுக்கிழமைதான். மற்ற நாட்களில் ஃபோனில் இரண்டு வார்த்தை.

“ஃப்ரிட்ஜ் சரியில்லைங்க.”

“ஆமா, நானும் பார்த்தேன். புதுசு வாங்கிடலாமா?”

“வாங்கிடலாம்.”

அவ்வளவுதான். இருவரும் ஒரே முடிவுக்கு வந்துவிட்டதால் சண்டையே வரவில்லை. சண்டை வந்திருந்தால் அன்றைக்கே உண்மை தெரிந்திருக்கும்!

ஞாயிற்றுக்கிழமை கடை வண்டி வரும், பழையதை ஏற்றிக்கொண்டு புதியதை இறக்கிவிட்டுப் போகும் என்று முடிவானது. “காசெல்லாம் இதுக்கே சரியாப் போயிடும். கடலுக்குப் போறது இனி அடுத்த வருஷ லீவுலதான்” என்றார் அப்பா. சின்னவனின் முகம் தொங்கிப்போனது. மணல் அள்ளுவதற்கென்று ஒரு வாளியை அவன் முன்பே எடுத்து வைத்திருந்தான்.

கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாமே என்று அப்பா ஒரு நாள் மாலை மெக்கானிக்கை வரச் சொன்னார். மெக்கானிக் ஃப்ரிட்ஜின் முதுகுப்பக்கம் காதை வைத்துக் கேட்டார். கதவு இடுக்கில் ஒரு காகிதத்தை வைத்து மூடி, இழுத்துப் பார்த்தார். காகிதம் வரவில்லை.

“கதவு நல்லா மூடுது. மோட்டாரும் நல்லா ஓடுது. எனக்கு ஒரு குறையும் தெரியலையே சார்!” என்று தலையைச் சொறிந்தார்.

“உள்ளே குளிர் கூட்டிக் குறைக்கிற குமிழ் இருக்கே, அது லூஸ்னு நினைக்கிறேன். நான் ஒண்ணுல வைப்பேன். அது தானாவே ஏழுக்குப் போயிடுது” என்றார் அப்பா.

மெக்கானிக் குமிழைத் திருப்பிப் பார்த்தார். “கெட்டியா இருக்கே! இதெல்லாம் தானா திரும்பாது.”

பெரியவளுக்குக் குழப்பம் கூடியது. ஏனென்றால் அன்று காலையில்தான் அம்மா வேறு மாதிரி சொல்லியிருந்தாள். “இந்தக் குமிழை நான் ஏழுல வைக்கிறேன். அது தானாவே ஒண்ணுக்கு வந்துடுது!”

ஏழு ஒன்றாகிறதா, ஒன்று ஏழாகிறதா?

“உள்ளே பேய் இருக்கு அக்கா” என்று சின்னவன் கிசுகிசுத்தான்.

“குளிர்ல பேய் எப்படி இருக்கும்? அதுக்கு இருமல் வந்துடாதா?” என்றாள் பெரியவள். ஆனாலும் ஃப்ரிட்ஜிலிருந்து ஓரடி தள்ளியே நின்றாள்.

மறுநாள் மாலை அவள் சமையலறை மேசையிலேயே வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்தாள். அப்பா வந்தார். ஃப்ரிட்ஜைத் திறந்தார். “மறுபடியும் ஏழா! ஏழுல இருந்தும் தக்காளி எப்படி உறைஞ்சுது? மெஷினுக்குப் பைத்தியம்தான். இப்படியே விட்டா ராத்திரி பால் கெட்டுடும்” என்று முணுமுணுத்தபடி, குமிழை ஒன்றுக்குத் திருப்பினார்.

“ஒண்ணுல வச்சா என்னப்பா ஆகும்?”

“நல்லா குளிரும். எங்க ஆபீஸ் ஏசியில நம்பரைக் குறைச்சாத்தான் குளிரு கூடும். இதுவும் அப்படித்தானே?”

அடுத்த நாள் காலை அம்மா ஃப்ரிட்ஜைத் திறந்தாள். “மறுபடியும் ஒண்ணா! பால் கெடாம என்ன செய்யும்?” என்று குமிழை ஏழுக்குத் திருப்பினாள்.

“ஏழுல வச்சா என்னம்மா ஆகும்?”

“நல்லா குளிரும். ஃபேன்ல நம்பரைக் கூட்டினா காத்து கூடுதில்ல? அது மாதிரி.”

பெரியவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. பேய் ஒன்றல்ல, இரண்டு! இரண்டுமே அவள் பெற்றோர்!

ஆனால் யார் சொல்வது சரி? குமிழைச் சுற்றி எண்கள் மட்டும்தான் இருந்தன. ஃபேன் மாதிரியா, ஏசி மாதிரியா என்று அதில் எழுதவில்லை. இப்போதே போட்டு உடைத்தால் ஒருவர் மற்றவரைக் கேலி செய்வார். கேலி வாங்குபவர் பாவம். அதற்குள் கடை வண்டியும் வந்துவிடும்.

யோசித்துக்கொண்டே குமிழைப் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு... நடுவில் வைத்தால்? யார் சரியாக இருந்தாலும் நடு நடுதானே!

குமிழை நான்கில் நிறுத்தினாள். மேலே பசைநாடா ஒட்டி, ஒரு சீட்டும் வைத்தாள்: ‘ஞாயிறு காலை வரை யாரும் தொடக் கூடாது. தயவுசெய்து.’

சின்னவன் தன் பங்குக்கு ஒரு பேயை வரைந்து, அதன் மேல் பெருக்கல் குறி போட்டான்.

அம்மா அதைப் படித்துவிட்டுச் சிரித்தாள். அப்பா நீட்டிய கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

ஞாயிறு காலை நால்வரும் ஃப்ரிட்ஜின் முன்னால் நின்றார்கள். பெரியவள் கதவைத் திறந்தாள். அம்மா பாலை முகர்ந்து பார்த்தாள். நன்றாக இருந்தது. அப்பா தக்காளியை அழுத்தினார். மெத்தென்று அமுங்கியது.

“எப்படிடீ?” என்றாள் அம்மா.

“ஃப்ரிட்ஜுக்கு ஒண்ணுமில்லைம்மா. காலையில ஒருத்தர் ஏழுல வச்சாங்க. சாயங்காலம் ஒருத்தர் ஒண்ணுல வச்சாங்க. ரெண்டு பேரும் நல்லதுக்குத்தான் வச்சாங்க.”

அம்மாவும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

“நீங்களா?”

“நீயா?”

அப்பா உடனே மெக்கானிக்குக்கு ஃபோன் போட்டார். “பெரிய எண்ணுன்னா அதிகக் குளிர் சார். ஏசியில தெரியிற எண்ணு அறையோட சூடு. இதுல தெரியிறது மெஷின் எவ்வளவு உழைக்கணும்கிறது” என்றார் மெக்கானிக்.

“அதானே ஃபேன் மாதிரி!” என்று ஆரம்பித்த அம்மா, அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, “எனக்கும் குத்துமதிப்பாத்தான் தெரியும்” என்று முடித்தாள்.

கடைக்கு ஃபோன் செய்து, வண்டி அனுப்ப வேண்டாம் என்று அம்மாவே சொல்லிவிட்டாள். சின்னவன் வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வீடு முழுக்க ஓடினான்.

அம்மாவும் அப்பாவும் சமையலறையை விட்டு நகரவே இல்லை. “அன்னிக்குப் பால் கெட்டப்போ நீ என்ன நினைச்சே?” என்று அப்பா கேட்க, அம்மா சொல்ல, அப்பா சிரிக்க, பேச்சு ஃப்ரிட்ஜை விட்டு வேறு எங்கெங்கோ போனது.

பெரியவள் ஃப்ரிட்ஜ் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, தம்பியை இழுத்துக்கொண்டு விளையாட வெளியே போனாள்.