உப்புமலைப் பூதத்தின் காது

தன் மனைவி தினமும் மத்தியானம் இன்னொருத்தன் தலைக்குள் போய் உலாவிவிட்டு வருகிறாள் என்பது, விருதுநகர் பஜார் முழுக்கத் தெரிந்த பிறகுதான் தங்கப்பழத்துக்குத் தெரிந்தது. அவர் பருப்புத் தரகர். எந்த ஊரில் துவரை பூ விட்டிருக்கிறது என்பதை இங்கிருந்தே மோந்து சொல்லக்கூடியவர். சொந்த வீட்டுச் செய்தி மட்டும் டீக்கடை வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தது.

"மதினியை நூலகத்துல பார்த்தேன் அண்ணாச்சி. இருதயராஜ் வார்ப்புக்கு வரிசையில நிக்காங்க. முன்னாலயும் சின்னப்புள்ளைங்க, பின்னாலயும் சின்னப்புள்ளைங்க. நடுவுல மதினி!" என்றார் டீக்கடைக்காரர். கிளாஸைக் கழுவுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிச் சிரித்துக்கொண்டார்.

தங்கப்பழத்துக்கு டீ கசந்தது. போயும் போயும் இருதயராஜ்! செல்போனுக்குக் கண்ணாடி மாற்றுகிறவன். பிறந்ததிலிருந்து ஒரே ஒரு புத்தகம் படித்தவன். மிச்சப் பொழுதெல்லாம் வீடியோ கேம்.

தெப்பக்குளத்துப் பக்கம் இருந்த நூலகத்தில் வார்ப்பான் வந்ததிலிருந்து ஊருக்கு வேறு பொழுதுபோக்கு தேவைப்படவில்லை. நெற்றிப்பட்டையைக் கட்டிக்கொண்டு ஒருவர் புத்தகம் படிப்பார். படிக்கப் படிக்க அவர் மனசுக்குள் எழும்புகிற மலை, வாசல், மூஞ்சி எல்லாவற்றையும் அந்த இயந்திரம் அப்படியே வார்த்து எடுத்து வைத்துக்கொள்ளும். பிறகு யார் வேண்டுமானாலும் மூடி போட்ட உலாக்கூட்டில் படுத்து அந்த வார்ப்புக்குள் நடக்கலாம், அங்கே இருப்பவர்களோடு பேசலாம், சண்டை போடலாம். வீடியோ கேம் மாதிரிதான். ஆனால் கட்டியது கம்பெனி இல்லை, படித்தவருடைய மண்டை. ஒரே புத்தகத்தை எத்தனை பேர் படித்தார்களோ அத்தனை வார்ப்பு. ஒரே ஒரு தடை உண்டு. தன் வார்ப்புக்குள் தானே போக முடியாது. சலூனில் எதிரெதிரே மாட்டிய கண்ணாடி மாதிரி மூளை தன்னையே பார்த்துச் சுழன்று, குடலே வெளியே வந்துவிடும்.

நூலகத்தில் முதல் ஆளாகப் பட்டையைக் கட்டிக்கொண்டவர் தங்கப்பழம்தான். மற்ற வியாபாரிகள் தினசரி படிக்க வருகிற இடத்துக்கு அவர் சிறுவர் மாயக்கதைகளுக்காக வருவார். அந்த விஷயத்தில் அவருக்கு வெட்கமே கிடையாது. அபிப்பிராயம் நிறைய உண்டு. அவர் இலவசமாகக் கொடுக்கிற ஒரே சரக்கும் அதுதான்.

"வீடியோ கேம்ங்கிறது அவிச்ச கடலை. மாயக்கதை விதைக்கடலை. ரெண்டையும் திங்கலாம், ஆனா ஒண்ணுதான் முளைக்கும்" என்பார்.

அவர் வார்த்தது 'உப்புமலைப் பூதம்'. ஊரை விட்டு ஓடிப்போன மழையைத் தேடி, செம்பவளம் என்கிற சிறுமி உப்புமலை ஏறுவாள். உச்சிக் குகையில் மழையைப் பெட்டிக்குள் பூட்டிவைத்துக்கொண்டு பூதம் உட்கார்ந்திருக்கும். அரைக்கால் சட்டை போட்ட நாளிலிருந்து தங்கப்பழத்துக்கு அது மனப்பாடம். வார்ப்பு தயாரானதும் முதலில் உள்ளே போனவள் மனைவி ஜெயக்கொடி. பால் பொங்குகிற நேரத்துக்குள் எழுந்து வந்துவிட்டாள்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குங்க. சுத்தமா இருக்கு."

அந்தச் 'சுத்த'த்தை அவர் இத்தனை நாளும் பட்டமாகச் சூடிக்கொண்டிருந்தார். இன்றைக்குத்தான் உறைத்தது. பெண் பார்க்கப் போன வீட்டில் சொல்ல ஒன்றும் இல்லையென்றால், 'வீட்டைச் சுத்தமா வச்சிருக்காங்க' என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார்களே, அந்த ரக வார்த்தை அது.

நேராக நூலகத்துக்குப் போய் இருதயராஜின் 'உப்புமலைப் பூத'த்துக்கு டோக்கன் கேட்டார். நூலகர் மெஹருன்னிசா கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தாள்.

"நீங்களா அண்ணாச்சி? 'அவிச்ச கடலை'ம்பீங்களே?"

"ருசி பார்க்கக் கூடாதாம்மா?"

உலாக்கூட்டுக்குள் படுத்தார். மூடி இறங்கியது.

கண்ணைத் திறந்தால் உப்புமலை அடிவாரம். காற்றிலேயே கரிப்பு. புத்தகத்தில் இந்த இடத்தில் ஒற்றை வரிதான்: வழியில் ஒரு பாழடைந்த வீடு இருந்தது. இங்கே அந்த வீட்டுக்குக் கதவு இருந்தது. தள்ளினார், திறந்தது. உள்ளே ஒருவன் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தான். உப்புமலையில் குடியிருந்தும் கஞ்சிக்கு உப்பில்லை, காற்று திருடிக்கொண்டு போய்விட்டது என்று அழுதான். பாலத்துக்கு அடியில் குனிந்தால் வௌவால்கள் தலைகீழாகச் சந்தை போட்டிருந்தன. அங்கே விலையும் தலைகீழ். குறைத்துக் கேட்டால் ஏற்றும், ஏற்றிக் கேட்டால் குறைக்கும். தங்கப்பழத்துக்கே அந்தக் கணக்குப் பிடிபடக் கொஞ்ச நேரமானது. பிடிபட்டதும் தன்னை அறியாமல் சிரித்துவிட்டார். சிரித்ததை நினைத்து உடனே வயிறு எரிந்தது. அப்படியே மூச்சிரைக்க உச்சிக்கு ஏறினால், குகை வாசலில் ஒரு அட்டை தொங்கியது: 'சாப்பிடப் போயிருக்கிறேன். பெட்டியைத் தொட வேண்டாம். பூதம்.'

வெளியே வந்தபோது, சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவர் செருகியபடி இருதயராஜ் நின்றிருந்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"அண்ணாச்சி! என் வார்ப்புக்கா வந்தீங்க? நீங்க சொல்லித்தான அந்தப் புத்தகத்தையே தொட்டேன்!"

"புத்தகத்துல இல்லாததெல்லாம் கிடக்கேடா உள்ள?"

"வீடு இருந்துச்சுன்னு போட்டிருந்ததே. கதவு திறக்குமான்னு நெனைச்சேன், திறந்துட்டு."

"கதவுன்னு எழுதவே இல்லையே!"

"வீடுன்னா கதவு இருக்கும்ல அண்ணாச்சி? கேம்ல அப்படித்தான். கதவைப் பார்த்தா தள்ளிப் பார்க்கணும். பாலத்தைப் பார்த்தா குனிஞ்சு பார்க்கணும். இல்லைன்னா காசு கொடுத்து ஆடுறதுல என்ன இருக்கு?"

அவன் போனதும் மெஹருன்னிசாவிடம் குரலைத் தாழ்த்தினார்.

"மறைக்காமச் சொல்லும்மா. என் வார்ப்புல என்ன குறை?"

அவள் இழுத்தாள். "பாதையை விட்டு ஒரு அடி விலகினா வெறும் வெள்ளைத் தாள் அண்ணாச்சி. அப்புறம் உங்க பூதம்... யாரு போய் என்ன பேச வாயெடுத்தாலும், 'ம், தெரியும், தெரியும்'னு சொல்லிப் பெட்டியைத் தூக்கிக் கையில கொடுத்துரும். மனப்பாடமாப் படிச்சவங்க நீங்க. அடுத்தது என்னன்னு உங்களுக்குத் தெரியும். அதனால அதுக்கும் தெரியும்."

அன்று சாயங்காலம் ஜெயக்கொடி வந்ததும், இலையைப் போடச் சொல்லாமல் சண்டையைப் போட்டார்.

"அப்படி அவன் மண்டைக்குள்ள என்னதான் இருக்குன்னு போற?"

"வௌவால் சந்தை இருக்கு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்ல?"

"சொன்னேன். சந்தையைப் பத்திச் சொன்னேன், கஞ்சிக்காரனைப் பத்திச் சொன்னேன். நீங்க போனைப் பார்த்துக்கிட்டே 'ம், தெரியும், தெரியும்'னீங்க."

மறுநாள் கடையை மூடிவிட்டு நூலகத்தில் போய் உட்கார்ந்தார். பழைய வார்ப்பை அழிக்கச் சொல்லிவிட்டுப் புதிதாகப் பட்டையைக் கட்டிக்கொண்டார். இந்த முறை எல்லாக் கதவையும் திறந்துவிடுவது என்ற வைராக்கியம். முதல் பக்கத்திலேயே அது பறந்துவிட்டது. 'செம்பவளம் மலையேறினாள்' என்று படித்தால், ஜெயக்கொடி அந்த இருதயராஜ் மலையில் எந்தப் பக்கமாக ஏறினாள் என்று ஓடியது. 'வழியில் ஒரு பாழடைந்த வீடு' என்று படித்தால், அந்தக் கஞ்சிக்காரனிடம் எவ்வளவு நேரம் பேசினாள், எதற்குச் சிரித்தாள், வீட்டில் அப்படிச் சிரித்து எத்தனை காலமாயிற்று என்று ஓடியது. கடைசிப் பக்கத்தில் பூதம் வந்தபோது புத்தகத்தில் என்ன எழுதியிருந்தது என்றே அவருக்குத் தெரியவில்லை. படிப்பது வேறு, எரிவது வேறு என்று மனுசன் பிரித்துச் சொல்லலாம். வார்ப்பானுக்கு உமியையும் பருப்பையும் புடைக்கத் தெரியாது. இரண்டையும் சேர்த்தே மூட்டை கட்டிவிட்டது.

வார்ப்பு அலமாரிக்கு வந்த வாரமே வரிசை இடம் மாறியது. பள்ளிக்கூடம் விட்டதும் பைகளோடு ஓடி வந்த பிள்ளைகள் இருதயராஜ் கூட்டைத் தாண்டி இவருடைய கூட்டுக்குப் போயின. தெருவில் ஒன்றையொன்று விரட்டிக்கொண்டு, "அங்க என்ன பார்த்த? எங்கிட்ட இல்லாதது அங்க என்ன இருந்துச்சு? சொல்லு!" என்று தொண்டையைக் கட்டையாக்கிக்கொண்டு கத்தின. பொறாமைப் பூத விளையாட்டாம். தங்கப்பழத்துக்கு அர்த்தம் விளங்கவில்லை. விளங்காவிட்டால் என்ன, சரக்கு நகர்கிறது. மீசையைத் தடவிக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஜெயக்கொடியும் அவருடைய வார்ப்புக்குப் போனாள். பால் பொங்குகிற நேரம் போனது, விளக்கு வைக்கிற நேரமும் போனது. திரும்பி வந்தவள் முகம் கழுவித் துடைத்தது போலப் பளிச்சென்று இருந்தது.

"எப்படி இருக்கு?" என்றார், ஜெயித்த குரலில்.

"ம்" என்றாள்.

மறுநாளும் போனாள், அதற்கு மறுநாளும். விசேஷ வீட்டை விட்டாள், டிவி தொடரை விட்டாள், தங்கைக்குப் போன் போடுவதை விட்டாள். தங்கப்பழம் ஃபிளாஸ்க்கில் ஆறிய காபியை ஊற்றிக் குடித்தபடி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்பாவது எரிச்சலுக்கு ஒரு ஆள் இருந்தான், திட்ட ஒரு பெயர் இருந்தது. இப்போது அவள் போவது புருஷனுடைய மண்டைக்குள். பஞ்சாயத்து வைத்தால் யாரைக் கூப்பிட்டு உட்கார வைப்பது? தன்னிடம் இல்லாத எது தன்னுடைய பூதத்திடம் இருக்கிறது? உள்ளே போய்ப் பார்க்கவும் வழியில்லை. ஒருநாள் துணிந்து படுத்தார். மூடி இறங்கியதுமே வாந்தி எடுத்தார்.

கடைசியில் கௌரவத்தை மடித்து வேட்டியில் செருகிக்கொண்டு இருதயராஜ் கடைக்குப் போனார்.

"என் வார்ப்புக்குள்ள போனியாடா?"

"போகாம? பிரமாதம் அண்ணாச்சி!"

"அந்தப் பூதம் என்ன பண்ணுது? சொல்லு."

இருதயராஜ் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தான். இவனும் பஜாரில் வளர்ந்தவன்தானே.

"சொல்றேன். சும்மாவா? எங்கூட உட்கார்ந்து ஒரு கேம் ஆடணும்."

"பக்கத்துல இருந்து பார்க்கிறேன்."

"ஆடணும்."

"பாதி ஆட்டம்."

"முழுசா. தோத்தா மறு ஆட்டமும்."

"சரி, தொலை. சொல்லு."

"மொறம் சைசுக்குக் காது அண்ணாச்சி, அந்தப் பூதத்துக்கு. உள்ள போனதும் பக்கத்துல குத்த வச்சு உட்கார்ந்து, 'எங்க போயிருந்த? அங்க என்ன பார்த்த? யாரு இருந்தா? அவன் என்ன சொன்னான், நீ ஏன் சிரிச்ச?'ன்னு துருவும். கேட்டுட்டு வாயை மூடிரும். நாம சொல்லி முடிக்கிற வரைக்கும் கண்ணு இமைக்காது. மழை, பெட்டி எதைப் பத்தியும் அதுக்கு அக்கறை இல்லை. சின்னப்புள்ளைங்க பூரா வீட்டுல பேச முடியாததை அதுகிட்ட கொட்டுதுங்க. எதிராளி இருக்கிறதையெல்லாம் கொட்டி முடிக்கிற வரைக்கும் நீங்க பஜார்ல வாய் திறக்க மாட்டீங்கள்ல? அச்சு அசல் அந்த மூஞ்சி!"

ஆட்டத்தில் தங்கப்பழம் தோற்றார். மறு ஆட்டத்திலும் தோற்றார். அதெல்லாம் மனசில் பதியவில்லை. இவ்வளவுதானா? காது! பஜாருக்குக் கொண்டுபோகிற காதை வீட்டுக்கும் கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதானே!

விளக்கு வைத்து வெகு நேரம் கழித்து ஜெயக்கொடி வந்தாள். அவர் போனை அணைத்துப் பீரோவுக்குள் வைத்திருந்தார். காபி சூடாக இருந்தது. எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இன்னைக்கு என்ன பண்ணுன? எல்லாம் சொல்லு."

அவள் டம்ளரை வாயில் வைக்காமல் அவரையே பார்த்தாள். பிறகு மெல்ல உட்கார்ந்தாள். சந்தேகமாகத்தான் ஆரம்பித்தாள். வரிசையில் ஒரு சிறுமி செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு நின்றதைச் சொன்னாள். மெஹருன்னிசாவுக்கு முதுகுவலி என்றாள். தங்கப்பழம் இமைக்கவில்லை. அவள் குரல் ஏறியது, கை பேச்சோடு சேர்ந்து அசைந்தது, தலையில் வைத்திருந்த பூ ஆடியது. இவளுக்கு இப்படிப் பேச வருமா என்று வியந்துகொண்டே, வாயை இறுக்கி மூடிக்கொண்டு கேட்டார்.

"அப்புறம் உச்சிக்குப் போனேங்க. நம்ம பூதம் இருக்குல்ல, அதுக்குக் காதுன்னா காது, எம்புட்டுப் பெருசுங்கிறீங்க..."

"ம், தெரியும், தெரியும். மொறம் சைசு. இருதயராஜ் சொன்னான்."

ஜெயக்கொடியின் கை அந்தரத்தில் நின்றது. பிறகு மடியில் இறங்கியது. காபியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழுந்தாள். கோபமெல்லாம் இல்லை. மீதியை எங்கே வைப்பது என்று தெரிந்தவளுடைய நிதானம்.

"சரிங்க. மிச்சத்தை நாளைக்கு நம்ம பூதத்துக்கிட்டயே சொல்லிக்கிறேன். அவருக்கு ஒண்ணுமே தெரியாது."