இரண்டாவது மிதி

அடுப்பில் கஞ்சி கொதிக்கும் சத்தத்துக்கும், பாயில் கிடந்த கணவன் குமரனின் கரகரத்த மூச்சுக்கும் நடுவே, கூடத்துத் தறியிலிருந்து வந்த ஒரு சத்தம் மட்டும் மங்கையர்க்கரசியின் காதில் தப்பாக விழுந்தது. ஒரு மிதி, ஊடு நூலை இழுத்தோடும் நாடாவின் ஒரு ஓட்டம், அதுதான் வழக்கம். இப்போது இரண்டு மிதி கேட்டது.

ஒவ்வொரு மிதிக்கும், தறிக்கு மேலே பூவை எடுத்துக் கொடுக்கும் ஜக்கார்டு பெட்டியில் துளையிட்ட ஓர் அட்டை புரளும். நாடா ஓட்டாமல் மறுபடி மிதித்தால் பூவில் ஒரு வரிசை விட்டுப்போகும்.

தறியில் மகள் சங்கீதா. தையில் அவளுக்குக் கல்யாணம். நெய்வது அவளுடைய முகூர்த்தப் புடவை.

“இன்னாமா, ரெண்டு வாட்டி மிதிக்கிற?”

“எங்கமா? ஒருவாட்டிதான் மிதிச்சேன். காதுல பஞ்சு வச்சிக்கினு இருக்கியா?”

குமரனுக்கும் முதலில் கால்தான் போனது. சென்னை டாக்டர் சொன்னதை மங்கையர்க்கரசி தறியை வைத்தே புரிந்துகொண்டாள். உடம்பின் ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் அட்டைக் கட்டு மாதிரி ஓர் எழுத்துக் கட்டு. அதை எங்கே படிக்கத் தொடங்குவது என்று காட்ட டி.பி.பி. என்றொரு புரதம். குமரனுக்கு அந்தப் புரதத்திலேயே ஒரு துண்டு அளவுக்கு மீறித் திரும்பத் திரும்ப வந்து நீண்டுவிட்டது. மூளை கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். மருந்து கிடையாது.

“பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்குதுமா. வந்தா, இன்னும் சின்ன வயசுலயே வரலாம்” என்றிருந்தார் டாக்டர்.

அதை அவள் மகளிடமும் சொல்லவில்லை, சம்பந்தியிடமும் சொல்லவில்லை.

மகளைத் தறியிலிருந்து எழுப்பிவிட்டுத் தானே தறிக்குழியில் இறங்கினாள். பத்து மிதி. பதினைந்து. தறியில் ஏதாவது பழுது இருக்கட்டும், தாயே, என்று வேண்டிக்கொண்டாள்.

பழுதில்லை.

நெய்த துணியைத் தடவிப் பார்த்தாள். வரிசையாக நெய்திருந்த அன்னப் பூக்களில் முதல் அன்னத்துக்குக் கழுத்து முழுசாக இருந்தது. அடுத்ததற்குக் குட்டை. கடைசி அன்னத்துக்குக் கழுத்தே இல்லை. முதுகில் தலை.

“போதும்மா. சாப்பிடு.”

சங்கீதா காலை நீட்டி உட்கார்ந்து, ஒரு கையால் போன் திரையைத் தள்ளிக்கொண்டே சாப்பிட்டாள். ஜிமிக்கி டிசைன் காட்டினாள். சிரித்தாள்.

அவளுடைய வலது பாதம் அழுந்தியது. வெறும் காற்றில். மறுபடி. மறுபடி.

மங்கையர்க்கரசி அந்தப் பாதத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள்.

“ஐயே, கூசுதுமா, விடு!” சிரிப்பு நிற்கவில்லை.

கைக்குள் அது மிதித்தது.

மிதித்தது.