கார்டை அழித்த கை

"இவ கையிலயா இன்னொரு வீட்டுக் கல்யாணம்? யார் பெத்த பொண்ணோ, பாவம்!"

நாத்தனாரின் குரல் சமையலறையிலிருந்து கூடம் வரை கேட்டது. கேட்கட்டும் என்றுதான் சொன்னாள். பையில் பாட்டரிகளை அடுக்கிக்கொண்டிருந்த அண்ணி நிமிரவில்லை.

இரண்டு வருஷமாக இப்படித்தான். தன் கல்யாணப் படங்கள் இருந்த கேமரா கார்டை அண்ணி அழித்துவிட்டாள் என்று கேள்விப்பட்ட நாள் முதல், நாத்தனார் அவள் முகம் பார்த்துப் பேசியதில்லை. தன் அம்மாவைப் பார்க்க வரும்போதும் சுவரோடுதான் பேச்சு. நாத்தனாரின் கல்யாணம் முடிந்த ஒன்பதாம் நாள் அவளுடைய அப்பா மாரடைப்பில் போய்விட்டார். அவர் வாய்விட்டுச் சிரித்தபடி நின்ற கடைசிப் படங்கள் அந்தக் கார்டில் இருந்தவைதான்.

இன்று அண்ணி முதல்முறையாகத் தனியாகக் கல்யாணப் படம் எடுக்கப் போகிறாள். பதினெட்டு வருஷம் அந்தத் தொழிலில் இருந்த கணவர் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சர்க்கரை வியாதி அவர் கண்களைத் தின்றுவிட்டது. வெளிச்சம் எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரியும்.

"சீக்கிரமே போயிடு," என்றார். "பொண்ணை ஜன்னல் பக்கம் திருப்பி நிறுத்து. டியூப்லைட்டுக்கு நேர் கீழ நிறுத்தாத, கண்ணுக்கடியில கறுப்பு விழும்."

"சரிங்க."

"ரெண்டு வீட்டு ஆளுங்களையும் தெரிஞ்ச ஒருத்தரைப் பிடிச்சு, யார் யார் சேர்ந்து நிக்கணும்னு எழுதி வாங்கிக்கோ. ஒரு சித்தப்பா விட்டுப்போனாலும் சண்டை நம்ம தலையிலதான் விடியும்."

அவள் லேசாகச் சிரித்தாள். எத்தனை சித்தப்பாக்களிடம் அவர் திட்டு வாங்கியதைப் பார்த்திருக்கிறாள்!

"எடுத்த படத்தையே குனிஞ்சு பார்த்துக்கிட்டு நிக்காத. நீ குனியற நேரத்துலதான் பொண்ணு அழுவா. அப்புறம்... கார்டு. கேமராவுல ரெண்டு கார்டு போட்டு, ரெண்டுலயும் சேர்ந்து பதியற மாதிரி வை. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர்லயும் தனி டிஸ்க்லயும் ஏத்தி, ஒவ்வொண்ணா திறந்து பார்த்துட்டு..." என்று இழுத்தார். "அதுக்கப்புறம்தான் அழிக்கணும். என்னை மாதிரி..."

"உன்னை மாதிரியா?" நாத்தனார் சமையலறை வாசலில் நின்றிருந்தாள்.

"வேணாங்க!" அண்ணி பதறினாள்.

"இன்னும் எத்தனை நாளைக்கும்மா நீ சுமப்ப?" என்று மனைவியிடம் கேட்டவர், தங்கையின் குரல் வந்த திசைக்குத் திரும்பினார். "அழிச்சது இவ இல்ல. நான்தான். அப்பவே எனக்குக் கண்ணு மங்கிடுச்சு. ஏத்தியாச்சுன்னு நினைச்சு அழிச்சுட்டேன். மறுநாள் அதே கார்டுல இன்னொரு கல்யாணத்தை எடுத்தேன், பழசை மீட்கவும் வழியில்லாமப் போச்சு. குருடன்னு தெரிஞ்சா யாரு கூப்பிடுவாங்க? அதான் இவ பழியைத் தலையில போட்டுக்கிட்டா."



அப்படிக் காப்பாற்றிய தொழிலும் நிலைக்கவில்லை. எட்டே மாதத்தில் ஒரு மேடையில் தடுக்கி விழுந்தார். அதோடு எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. அதன் பிறகாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். அண்ணன் மேல் உயிரையே வைத்திருக்கும் தங்கை அவரையும் வெறுத்துவிடுவாளே என்று அண்ணி வாயைத் திறக்கவில்லை.

"அண்ணி..!" நாத்தனார் ஓடிவந்து அவள் தோளில் விழுந்தாள். "உங்களை என்னெல்லாம் சொல்லிட்டேன்! ஏன் அண்ணி ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னா மாமா படம் திரும்பி வந்துடுமாம்மா?"

இருவரும் அழுதார்கள். பிறகு நாத்தனார் நிமிர்ந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு அப்பா சிரிச்ச முகம் மறந்துக்கிட்டே வருது அண்ணி. கல்யாணத்துல யார் யாரோ போன்ல எடுத்ததுல எல்லாம் அவர் முதுகுதான் இருக்கு. அன்னிக்கு நீங்கதான லைட்டைப் பிடிச்சுக்கிட்டு அவர் எதிர்ல நின்னீங்க? அவர் எப்படிச் சிரிச்சார்னு... அதை மட்டும் சொல்லுங்களேன்."

பொய் சொல்லலாமா என்று அண்ணிக்கு ஒரு கணம் தோன்றியது. முடியவில்லை.

"நான் பார்க்கலம்மா," என்றாள். "அன்னிக்குப் பூரா உங்க அண்ணன் காலையே பார்த்துக்கிட்டிருந்தேன். எங்கயாவது தடுக்கி விழுந்துடுவாரோன்னு... மாமா முகத்தை நான் நிமிர்ந்துகூடப் பார்க்கல."

பிடித்திருந்த கைகள் மெல்லத் தளர்ந்தன. கோபத்தில் அல்ல. பிடித்துக்கொள்ள இனி எதுவும் இல்லை என்பதால்.

வாசலில் வண்டியின் ஹாரன் ஒலித்தது. அண்ணி முகத்தைத் துடைத்துக்கொண்டு, பையைத் தோளில் மாட்டினாள்.

"போயிட்டு வரேங்க."

மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பி அவர் தலையசைத்தார்.