வெறுங்கொக்கி

அபுல் ஹஸன் ஹாஜியார் வாடகை வீட்டின் திறப்பை ஜவுபரின் கையில் கொடுக்கும்போதே ஒன்றைச் சொல்லிவிட்டார்.

"மேல தொங்குற மண்மூட்டைய மட்டும் அவுத்துராதீங்க மகன். கொக்கி வெறுங்கொக்கியா இரிக்கப்படாது."

"ஏன் ஹாஜியார்?"

"எங்கட வாப்பாவும் கட்டித்தான் வெச்சிருந்த. நான் ஏனெண்டு கேக்கல்ல."

ஜவுபர் அண்ணாந்து பார்த்தான். கல்முனையில் ஒல்லாந்தர் சரக்கு வைக்கக் கட்டிவிட்டுப்போன கிட்டங்கி அது. ஒடுங்கிய முகப்பு, ஒரு முழத் தடிப்பில் சுண்ணாம்புச் சுவர், உச்சியில் முக்கோண முகடு. முகட்டிலிருந்து தெருவுக்கு மேலாக ஒரு மரவிட்டம் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் நுனியில் கப்பி, கப்பியில் கயிறு, கயிற்றில் இரும்புக் கொக்கி. அந்தக் காலத்தில் வாசலில் தெரு இல்லை, வாய்க்கால். தோணிகள் விட்டத்துக்கு நேர்கீழே வந்து நிற்க, நெல்லும் கறுவாப்பட்டையும் கொக்கியில் ஏறி மாடிச் சன்னலுக்குள் போகும். சந்தை, கூலி, சண்டை, சம்பந்தம் எல்லாமே இந்தக் கொக்கிக்குக் கீழேதான் நடந்தன என்பார்கள். தங்கள் சொந்த நகரங்களில் ஒல்லாந்தர் நிலம் இல்லாத குறைக்கு வீட்டை ஒடுக்கி, படியைச் செங்குத்தாக்கி, சாமானைச் சன்னலால் ஏற்றினார்கள். இங்கே நிலத்துக்கு என்ன பஞ்சம்? தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்.

அந்தப் படியில் ஒரு நேரத்தில் ஒருவர்தான், அதுவும் ஏணியில் இறங்குவதுபோல முதுகுகாட்டித்தான் இறங்கலாம். வயிற்றுப்பிள்ளைக்காரியை வைத்துக்கொண்டு இங்கே யாராவது குடிவருவார்களா? றுஸ்தா வருவாள். கடல் ஊருக்குள் வந்த அன்று அவள் சின்னப்பிள்ளை. உம்மாவும் போனார், அவளுக்கென்று கட்டிய சீதன வீடும் போனது. அன்றிலிருந்து தரைவீட்டில் படுக்கச் சொன்னால் விடியும்வரை குந்திக்கொண்டே இருப்பாள். மனைவி நிம்மதியாகத் தூங்கினால் போதும் என்று ஜவுபரும் ஒத்துக்கொண்டான்.

மாடியில் ஒரு தூண். கொக்கிக் கயிற்றின் மறுமுனை அதில்தான் கட்டியிருந்தது. தூணடியில் பலகை இரண்டு பாத அளவுக்குத் தேய்ந்து குழிந்திருந்தது. கயிறு பிடித்தவன் ஆயுள் முழுக்க அங்கேயே நின்றிருக்க வேண்டும். அஸருக்குப் பிறகு வெயில் சாயும் நேரம் அந்தப் பக்கமிருந்து கறுவா வாசம் வரும்.

"இஞ்சேருங்க, தூணடியில ஆரோ மூச்சு விர்ற மாதிரி இரிக்கி."

"கடக்காத்து புள்ள."

மாரி பிடித்தது. வாவி பெருகித் தெருவுக்குள் வந்தது. மின்சாரம் போய், பின்னேரமே இருட்டிக் கிடந்த ஒரு நாளில் றுஸ்தாவுக்கு மாதம் நிறையுமுன்பே வலி எடுத்தது. பாய் முழுக்க இரத்தம். அம்புலன்ஸ் பெருந்தெருவைத் தாண்டி வர முடியாது என்றார்கள். ஜவுபர் தனக்கு மீன் கொடுக்கும் கோணாமலையைத் தொலைபேசியில் கூப்பிட்டு அழுதான்.

கோணாமலை தோணியோடு வந்தான். தெருவாலேயே கம்பூன்றி வந்து, விட்டத்துக்கு நேர்கீழே நிறுத்தினான்.

"தம்பி, படியால தூக்கேலாது! கொக்கியால இறக்குங்க, நான் கீழ புடிக்கன்!"

ஜவுபருக்கு ஹாஜியார் சொன்னது ஞாபகம் வராமல் இல்லை. ஆனால் றுஸ்தாவின் உதடு வெளுத்துக்கொண்டு வந்தது. மண்மூட்டையை அறுத்துவிட்டான். அது தண்ணீரில் விழுந்து அமிழ்ந்தது.

அவளைக் கதிரையில் இருத்தி, தான் உடுத்தும் சாரங்களால் இறுக்கிக் கட்டிக் கொக்கியில் மாட்டினான்.

"உட்டுராதீங்க. அல்லாஹ்வுக்காக உட்டுராதீங்க."

கயிற்றைத் தூணில் ஒரு சுற்றுச் சுற்றி, கதிரையைச் சன்னலுக்கு வெளியே தள்ளினான். நின்ற பிறகுதான் தெரிந்தது, அவன் பாதங்கள் அந்தக் குழிகளுக்குள் இருந்தன.

கயிறு மழையில் ஊறியிருந்தது. வழுக்கியது. உள்ளங்கைத் தோல் உரிந்தது. வெளியே றுஸ்தா அலறினாள்.

"யா அல்லாஹ்! ஆராச்சும் வாங்க!"

கறுவா வாசம் மூக்கில் அடித்தது.

கயிறு நின்றது.

அவன் கைகளுக்குப் பின்னால் வேறு இரண்டு கைகள் கயிற்றைப் பிடித்திருந்தன. குளிர்ந்த கைகள், தொழில் தெரிந்த கைகள். ஜவுபர் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் கைகள் விட்டுக்கொடுத்த அளவுக்கே அவனும் விட்டுக்கொடுத்தான். றுஸ்தா பூப்போலத் தோணியில் இறங்கினாள்.

கோணாமலை கொக்கியைக் கழற்றினான்.

வெறுங்கொக்கி மேலே ஏறியது. ஜவுபர் இழுக்கவில்லை.

அது சன்னலுக்கு நேரே வந்து நின்றது. பிடரியில் ஈரமான மூச்சுப் பட்டது.

"என்னையும்."

பின்னால் இருந்த கைகள் கயிற்றை விட்டன. ஏதோ ஒன்று அவன் தோளை உரசிக்கொண்டு சன்னலுக்குப் போனது. கயிறு கனத்தது. விட்டுவிட்டு ஓடலாம். ஆனால் கீழே, அதற்கு நேர்கீழே, றுஸ்தா கிடந்தாள்.

இறக்கினான். மெல்ல, மெல்ல, அழுதுகொண்டே இறக்கினான்.

கீழிருந்து கோணாமலையின் குரல் உடைந்து வந்தது.

"தம்பி… இன்னும் ஆர் இறங்குற?"

ஜவுபர் படியால் விழுந்தடித்து இறங்கித் தோணியில் ஏறினான். விளிம்புக்குப் பக்கத்தில் தண்ணீர் நின்றது. மூன்று பேருக்கு அந்தத் தோணி இவ்வளவு தாழாது.

"அண்ணன், என்னத்தக் கண்ட நீங்க?"

"கதைக்காம இரிங்க தம்பி." கோணாமலை தண்ணீரைத் தவிர வேறெதையும் பார்க்காமல் கம்பை ஊன்றினான்.

ஆஸ்பத்திரியில், பிள்ளையின் இதயத்துடிப்பு கேட்கவில்லை என்றார்கள். தாயைக் காப்பாற்றப் பார்ப்போம் என்றார்கள். ஜவுபர் கட்டுப்போட்ட கைகளை ஏந்தியபடி மரவாங்கில் உட்கார்ந்திருந்தான். கேட்பதற்கு அவனிடம் துஆ ஒன்றுதான் மிஞ்சியிருந்தது, அதையும் எந்த முகத்தோடு கேட்பது என்று தெரியவில்லை.

பிறகு உள்ளே ஒரு குழந்தை அழுதது.

"நாங்க கைவிட்ட புள்ள. தானாத்தான் மூச்செடுத்த" என்று மருத்துவிச்சி சிரித்தாள்.

றுஸ்தா உயிரோடு இருந்தாள். களைத்த முகத்தில் அப்படி ஒரு சந்தோசத்தை அவன் கண்டதே இல்லை. "பாங்கு சொல்லுங்க" என்று பிள்ளையை நீட்டினாள்.

வலது காதில் சொல்லக் குனிந்தான். 'அல்லாஹு அக்பர்' என்ற முதல் தக்பீரிலேயே பிள்ளை அழுகையை நிறுத்தியது.

கறுவா வாசம் வந்தது.

பொத்தியிருந்த சின்னக் கைகள் விரிந்தன. இரண்டு உள்ளங்கையிலும் குறுக்காக, கயிறு அறுத்து என்றைக்கோ ஆறிப்போன தழும்பு.

"ஏன் நிப்பாட்டின? சொல்லுங்க" என்றாள் றுஸ்தா.

ஜவுபர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். அவன் சொல்லி முடிக்கும்வரை, அவனுடைய விரலைப் பற்றிய அந்தக் குளிர்ந்த பிடி தளரவே இல்லை.