முதலில் அசைவது சக்கரம்

நேராக நிறுத்திப் பூட்டிய காரின் ஸ்டீயரிங், காலையில் கால் சுற்று இடப்பக்கம் திரும்பியிருந்தது.

ராஜப்பா ஷெட் வாசலிலேயே நின்றுவிட்டார். சாவி இரவெல்லாம் அவர் தலையணைக்கு அடியில்தான் இருந்தது. பூட்டில் கீறல் இல்லை. ஆனால் முன்சக்கரங்களின் அடியில், சிமெண்ட் தரையில், ரப்பர் தேய்ந்து இரண்டு கறுப்பு வளைவுகள். நின்ற இடத்திலேயே சக்கரத்தை வலுக்கட்டாயமாகத் திருப்பினால்தான் அப்படித் தேயும். பழைய இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார், இரண்டே சீட்டு. ஸ்டீயரிங்கில் பவர் கிடையாது. அதை நின்றபடி திருப்ப ஓர் ஆளின் முழுத் தோள்பலம் வேண்டும்.

இந்தக் காரை அவருக்குக் கொடுத்தது டக்ளஸ். பத்து வருடம் கண்ணாடி போலத் துடைத்து வைத்திருந்தவன், ஆஸ்திரேலியாவுக்கு மகனிடம் போகிறேன் என்று ஒரே நாளில் சாவியைக் கையில் திணித்தான். ஆள் இன்னும் கிளம்பவில்லை. இன்னொரு சாவி அவனிடம் இருக்குமோ? ஆண்டர்சன்பேட்டை டீக்கடையில் ராஜப்பா அவனை மடக்கினார்.

"இன்னா ஒளிக்கிற டக்ளஸ்? நேரா போற வண்டி அலையுது. எம் பொண்ணு ரோட்ல ரெண்டு தபா பஸ் மேல மோதப் பாத்தா."

"எங்கிட்ட பத்து வருஷம் அம்பு மாதிரி ஓடிச்சு மேன். எதுக்கும் உன் வூட்டுத் தரைய பாரு, அடியெல்லாம் சுரங்கம், அதான் கோணல்." டக்ளஸ் சிரித்தான். சிரித்த வாய் மூடுமுன்பே கண் வேறு பக்கம் போய்விட்டது.

அந்தக் கண் ராஜப்பாவுக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. மகள் பல்லவிக்குப் பெங்களூரில் முதல் வேலை, முதல் நாள். காரில்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அவர் வேலை பார்த்த தங்கச் சுரங்கத்தை மூடி ஆறு மாதமாகிறது. அப்பாவைப் பெருமைப்படுத்த அவளுக்கு வேறு வழி தெரியவில்லை போலும். ஸ்டீயரிங் அலையும் வண்டியில் மகளை அனுப்புவதா, அனுப்பாமல் அவள் முகத்தைப் பார்ப்பதா என்று முடிவு செய்ய அவருக்கு அந்த ஒரு மாலைதான் இருந்தது.

அவர் முறையாகத்தான் ஆரம்பித்தார். சுலபமானதை முதலில் பார்க்க வேண்டும். டயரில் காற்று குறைந்தாலே வண்டி அலையும். காற்று சரி. பிறகு ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். அதில் ஆட்டம் இருந்தால் பேரிங்கோ கிங் பின்னோ தேய்ந்திருக்கும். இல்லை. இடமும் வலமும் பிடித்து ஆட்டினார். இங்கே ஆடினால் ஸ்டீயரிங் கம்பிகளின் மூட்டு. அதுவும் கல் மாதிரி இருந்தது. மிச்சமிருந்தது ஒரே சோதனை. பாரம் சக்கரத்தின் மேல் இருக்கும்போதுதான் சில மூட்டுகள் தங்கள் குறையைக் காட்டும். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்ட, இன்னொருவர் அடியில் படுத்து ஒவ்வொரு மூட்டின் மேலும் விரலை வைத்துப் பார்க்க வேண்டும். மூட்டின் இரண்டு பக்கமும் ஒன்றாக அசைந்தால் நல்லது. கம்பி முந்தி, சக்கரம் பிந்தினால் லூஸ் அங்கேதான்.

முன்சக்கரங்களை இரண்டு மரக்கட்டைகளின் மேல் ஏற்றிவிட்டு, பல்லவியைச் சீட்டில் உட்காரவைத்து, அடியில் நுழைந்தார். வெளியே மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையின் இரைச்சலுக்குக் கீழே கிரீஸ் வாசனையும் ஈரச் சாக்கின் வாசனையும், அவற்றுக்கும் கீழே, எங்கிருந்து என்று சொல்ல முடியாமல், அறுத்த பாறையும் வெடிப்புகையும் வேர்வையும் கலந்த ஒரு வாடையும் மெதுவாக அவர் முகத்தின்மேல் வந்து படிந்தன.

"லேசா ஆட்டு கண்ணு. இந்தாண்ட, அந்தாண்ட."

"ஆட்டிக்கினுதான் இருக்கேன் ப்பா. பாத்து, பூரான் கீரான் இருக்கப் போவுது."

வலது மூட்டு. விரலை வைத்தார். அசைந்தது. இருந்தது லூஸ்! கண்டுபிடித்த சந்தோஷத்தில் ஒரு கணம் எல்லாச் சந்தேகமும் விலகியது. பிறகு விரல் அவருக்கு வேறொன்றைச் சொன்னது.

முந்துவது கம்பி அல்ல. சக்கரம் முதலில் அசைந்தது. கம்பி அதன் பின்னால் போனது.

சீட்டில் இருப்பவள் திருப்பினால் அசைவு மேலிருந்து கீழே வரும். இது கீழிருந்து மேலே போகிறது.

"பல்லவி, மெதுவா ஆட்டும்மா."

"கைய அப்பவே எடுத்துட்டேனே ப்பா. தானாத்தான் ஆடுது. நீ ஆட்டலையா?"

விரலின் கீழே மூட்டு நின்றது. பிறகு தட்டியது.

ஒன்று. இரண்டு. மூன்று.

இருபத்திரண்டு வருடம் சுரங்கத்தின் சாம்பியன் ரீப்ஸ் ஷாஃப்டில், ஆட்கள் போய்வரும் இரும்புக் கூண்டான கேஜை ஏற்றி இறக்கும் எஞ்சினை ஓட்டியவர் அவர். மூன்று மணி அடித்தால் ஆட்கள் கேஜில் ஏறக் காத்திருக்கிறார்கள் என்று பொருள். டிரைவர் திருப்பி மூன்று அடிக்காமல் ஒருவனும் உள்ளே கால் வைக்க மாட்டான். வாயில் சோறு இருந்தாலும் கை தானாகப் போகும். யோசிப்பதற்குள் போகும்.

போய்விட்டது. கையிலிருந்த ஸ்பானர் கம்பியில் மூன்று முறை தட்டியது.

டங். டங். டங்.

மழை நின்றாற்போல இருந்தது. வண்டி ஒரு விரற்கடை இறங்கியது. நின்றது. மறுபடி ஒரு விரற்கடை. ஸ்பிரிங் முனகியது. மறுபடி.

ஒவ்வொருவராக ஏறினால் கேஜ் அப்படித்தான் அமுங்கும்.

நான்கு. ஐந்து. இரண்டு சீட்டு வண்டி. ஆறு.

"ப்பா..." அவள் குரல் நசுங்கி வந்தது. "யாரோ ஒரசிக்கினு ஒக்கார்றாங்க ப்பா..."

நெஞ்சில் இரும்பு உரச வெளியே புரண்டார். எழுந்தார். ஜன்னல் கண்ணாடியில் பல்லவியின் கன்னம் தட்டையாக அழுந்தியிருந்தது. தோள்கள் குறுகி, கைகள் மார்போடு ஒட்டி. அவளுக்குப் பக்கத்துச் சீட்டு காலி. வெறும் காலி. அவளால் அதன் பக்கம் நகர முடியவில்லை.

கதவைத் திறக்கக் கைப்பிடியைப் பிடித்து முழுப் பலத்தோடு கீழே அழுத்தினார்.

அடியிலிருந்து இரண்டு தட்டு.

இரண்டு என்றால், இறக்கு.

மரக்கட்டைகள் ஓசையில்லாமல் அமிழ்ந்தன. வண்டியின் வயிறு சிமெண்ட் தரையைத் தொட்டது. நிற்கவில்லை. தரை உடையவும் இல்லை. தண்ணீரைப் போல ஓரங்களைச் சுற்றி மூடிக்கொண்டது.

எஞ்சின் லீவரைப் பாதியில் கைவிட்டால் கேஜ் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். கயிறு ஓடும். கீழே ஆயிரக்கணக்கான அடி.

இப்போது அந்தக் கைப்பிடிதான் லீவர். விடவில்லை. அதிராமல், குலுக்காமல், ஆட்களை இறக்குவது போலவே அழுத்திப் பிடித்திருந்தார். கைப்பிடி இறங்க இறங்க அவரும் குனிந்தார். மண்டியிட்டார். தரையில் குப்புறப் படுத்தார். அவருடைய முகமும் கண்ணாடிக்குப் பின்னால் மகளின் முகமும் ஒரே மட்டத்துக்கு வந்தன.

"விட்டுடாத ப்பா," என்றது அவள் உதடு.

மணிக்கட்டுவரை அவர் கை சிமெண்ட்டுக்குள் போயிருந்தது. அது இன்னும் இறக்கிக்கொண்டிருந்தது.